ஆளுண்டு

கழக்கூட்டம்
ஜூன் 9

அன்புள்ள சுபினுக்கு,

லிபி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் ஜெம்மியும் உன் அத்தானும் சுகம். மழை பிடித்துவிட்டதே, கல்லாற்றில் உனக்கு இளைப்பு வராமல் இருக்கிறதா?

என் போன் ரிப்பேருக்குப் போயிருக்கிறது. எப்போது திரும்பி வரும் என்று தெரியாது. அதனால்தான் இந்தத் தாள். உனக்கும் அங்கே ஆற்றங்கரையில் சிக்னல் கிடைப்பதில்லை, ஆகவே இரண்டு பேருக்கும் நஷ்டமில்லை.

நீ அனுப்பிய விதிப் புத்தகம் வந்து சேர்ந்தது. வந்த கதையைக் கேள். பாறசாலையிலிருந்து வந்திருந்த அம்மாதான் தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். அட்டையில் கொட்டை எழுத்தில் 'நடத்துநர்: சுபின் சத்தியதாஸ்' என்று போட்டிருக்கிறாய் அல்லவா? அதைப் படித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எம்பிள்ளைக்கு கண்டக்டர் வேல கெடச்சிட்டு! ஒருத்தர்ட்டயும் பறயாம இருந்திருக்கான் பாரு!" நாகர்கோவில் பஸ்ஸில் 'நடத்துநர் இருக்கை' என்று எழுதியிருப்பதை எத்தனை வருஷமாகப் படித்திருக்கிறாள், பாவம். நான் விளக்குவதற்குள் அப்பாவைப் போனில் கூப்பிட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் காணிக்கை போட்டு, 'போக்குவரத்துப் பணியில் சேர்ந்த தம்பி சுபினுக்காக' ஜெபமும் நடந்துவிட்டதாம். இனி நீயே போய்த் திருத்திக்கொள்.

"பஸ் இல்லம்மா. நாலஞ்சு பேர் மேசையச் சுத்தி உக்காந்து, ஆளுக்கொரு ஆளா மாறி, கதை சொல்லி விளையாடுறது. ஒருத்தர் கதைய நடத்துவார், அவர்தான் நடத்துநர். ஒண்ணு நடக்குமா நடக்காதான்னு சந்தேகம் வந்தா பகடை உருட்டுவாங்க" என்றேன். அம்மா புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள். பிறகு, "அப்ப சம்பளம்?" என்றாள்.

ஏழு ராஜ்ஜியம், வாள், கோட்டை, அறுபத்துநாலு பக்கம். பதினோராம் பக்கம் வரை வந்திருக்கிறேன். டிசம்பரில் தம்பானூரில் நடக்கும் விளையாட்டுக் கூடுகையில் இதை நான்தான் நடத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். நான் காலேஜில் நடத்தியதை, அப்போது கூட விளையாடிய ஸ்மிதா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்கிறாய். இன்னும் ஆறு மாதம் இருக்கிறதே, பார்க்கலாம். ஜெம்மிக்கு இப்போது ஏழு மாதம். அவள் பிறந்த பிறகு அவளை விட்டு நான் போன தூரம் குளியலறை வரைக்கும்தான். அதுவும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு

முழித்துவிட்டாள். அதற்குப் பிறகு இந்தத் தாளைத் தொட முடியவில்லை. இப்படியே அனுப்புகிறேன். நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொண்டு படு.

அக்கா
லிபி

---

கல்லாறு
ஜூன் 20

அன்பான அக்காவுக்கு,

சுபினின் ஸ்தோத்திரம். இளைப்பு இல்லை, அட்டைதான் இருக்கிறது. விடுதிக் கணக்கை எழுத உட்கார்ந்தால் மேசைக்கு மேலே நான் எழுதுகிறேன், கீழே அது ரத்தம் குடிக்கிறது. ஜெம்மிக்கு இன்னும் பல் வரவில்லையா? அத்தானுக்கு அதே நைட் ஷிப்ட்தானா?

போன் ரிப்பேரிலேயே இருக்கட்டும். நல்ல மெக்கானிக்கிடம்தான் போயிருக்கும், அவசரப்படுத்தாதே. எனக்குக் கடிதம் எழுதப் பிடித்திருக்கிறது.

விளையாட்டைப் பாலத்தடி டீக்கடை ராஜையண்ணனிடம் போட்டுப் பார்த்தேன். எங்கள் விடுதிச் சமையல்காரர் அகிலும் உட்கார்ந்தார். "அண்ணே, நீங்க ஒரு போர்வீரன். முன்னால ஒரு டிராகன் நிக்குது" என்றேன்.

"அதுக்கு என்ன வேணுமாம்?"

"உங்களக் கொல்லணும்."

"நாம அதுக்கு என்னடே தெற்று செய்தோம்?"

கடைசியில் டிராகனுக்கு ஒரு கடுங்காப்பி கொடுத்து உட்கார வைக்க முடியுமா என்று கேட்டார். அறுபத்துநாலு பக்கத்திலும் அதற்கு விதி இல்லை. நான் தேடிக்கொண்டிருக்கும்போதே பொன்முடி பஸ் வந்துவிட்டது. அண்ணன் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார், கதை அங்கேயே நின்றது. அவர் திரும்பி வந்தபோது அகில் வெங்காயம் உரிக்கப் போய்விட்டிருந்தார்.

குறை பகடையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். எல்லாரும் ஒரு பகடை உருட்டுகிறார்கள். நான் இரண்டு உருட்டி, பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கும் புது முறை ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். இதுவரை யாரும் செய்யாதது. புள்ளியியல் படித்தவள் நீ, ஜெயிக்கிற வாய்ப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டுத் தா.

டிசம்பருக்குப் பெயர் கொடுக்கப் போகிறேன். உன் பெயரைத்தான்.

அன்புத் தம்பி
சுபின்

---

கழக்கூட்டம்
ஜூலை 18

அன்புள்ள சுபினுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். ஜெம்மிக்குக் கீழே இரண்டு பல். அட்டை கடித்த இடத்தைச் சொறியாதே, சுண்ணாம்பு வை. பதில் தாமதமானதற்குக் காரணம் உன் கணக்குத்தான். ஒரு பக்கக் கணக்கை ஒன்பது தடவையாக உட்கார்ந்து போட்டேன்.

போட்டுப் பார்த்ததில், உன் புதுப் பகடை முறையில் ஜெயிப்பதும் தோற்பதும் ஏறக்குறையப் பழையபடியேதான் இருக்கிறது. கழித்தல் பண்ணுகிற நேரம்தான் கூடுதல். வருத்தப்படாதே. விளையாட்டைப் புதிதாக்க நினைக்கிறவர்கள் எல்லாரும் பகடையைத்தான் மாற்றுகிறார்கள். மேசையில் யார் உட்கார முடிகிறது, யார் முடியாமல் எழுந்து போகிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை.

பகடை என்றதும் நினைவு வருகிறது. போன வாரம் என் பழைய பகடைப் பையைத் திறந்து எண்ணினேன். பச்சை ஒன்று குறைந்தது. ஜெம்மி பக்கத்தில் வாயை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு உயிர் போய்விட்டது. அத்தானை எழுப்பி, அப்படியே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே வரிசையில் நிற்கும்போது அத்தான் ஷூவைக் கழற்றி உதறுகிறார், பச்சைப் பகடை தரையில் உருள்கிறது. "ஏதோ குத்துதுன்னுதான் நெனச்சேன்" என்கிறார், மனுஷன்! நர்ஸம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் பகடையை எல்லாம் மூட்டையாகக் கட்டிப் பரணில் போட்டுவிட்டேன். எனக்கு இப்போதும் சிரிப்பு வரவில்லை.

மூன்று மணி நேர விளையாட்டை நான் எப்படி நடத்துவேன் சுபின்? ஜனவரியில் நாம் கடைசியாக விளையாடினோமே, இங்கே ஹாலில், ஜெம்மி உள்ளே தொட்டிலில். நான் மூன்று தரம் எழுந்து போனேன். நாலாம் தரம் திரும்பி வந்தபோது நீ சொன்னாய், "அக்கா, பாலம் ஒடஞ்சப்போ நீ இல்ல. அதனால செம்பி ஆத்தோட போயிட்டா." கூட விளையாடிய மகேஷ் உடனே அவளுக்கு ஒரு ஒப்பாரி பாடினான். எல்லாரும் சிரித்தோம், நானும்தான். காலேஜில் தொடங்கி எட்டு வருஷம் செம்பியாக இருந்தேன்.

சரி, சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கிறதா? அகில் நன்றாகச் சமைப்பாரா?

ஜெபத்தில் உன்னை மறப்பதில்லை.

லிபி

---

கல்லாறு
ஆகஸ்ட் 28

அன்பான அக்காவுக்கு,

சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது, தெரியும். நான்கு தடவை பதில் எழுதி நான்கையும் ராஜையண்ணன் அடுப்பில் போட்டேன். ஏழு ராஜ்ஜியத்தையும் அதே அடுப்பில்தான் போட்டேன். தண்ணீர் நன்றாகக் கொதித்தது.

ஒரே ஒரு கேள்வி. உனக்கு எப்போது முடிகிறதோ அப்போது பதில் எழுது. ஒருத்தர் மேசையை விட்டு எழுந்து போகிறார், போகத்தான் வேண்டும். அந்த நேரத்தில் அவருடைய ஆள் கதைக்குள் எங்கே இருக்க வேண்டும்?

ஜெம்மிக்கு என் முத்தம்.

சுபின்

---

கழக்கூட்டம்
செப்டம்பர் 11

அன்புள்ள சுபினுக்கு,

கர்த்தர் உன்னைச் சுகமாய் வைத்திருப்பாராக. உன் கேள்வியை ஒரு வாரம் தலைக்குள் வைத்துக்கொண்டே துணி துவைத்தேன். பிறகு தம்பானூரில் பதில் கிடைத்தது.

ஜெம்மிக்குத் தள்ளிப்போன ஒன்பதாம் மாத ஊசி. அத்தானுக்கு மீட்டிங், ஆகவே நானே தூக்கிக்கொண்டு போனேன். திரும்பும்போது தம்பானூரில் பஸ்ஸில் ஏறி ஜன்னல் சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். வண்டி எடுக்கப் பத்து நிமிஷம் இருக்கும், இவள் எல்லாவற்றையும் நனைத்துவிட்டாள். துணி மாற்ற இறங்கியே ஆக வேண்டும். இறங்கினால் சீட் போய்விடும், இவளை வைத்துக்கொண்டு கழக்கூட்டம் வரை நிற்க முடியாது. நான் திணறுவதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த அம்மாள், பெயர்கூடத் தெரியாது, என் தோளில் கிடந்த ஜெம்மியின் மஞ்சள் துண்டை உருவி என் சீட்டில் போட்டாள். "மோளு போயிட்டு வா. நான் பாத்துக்கொள்ளாம்."

நான் இறங்கி, துணி மாற்றி, முகம் கழுவி வந்தேன். வண்டிக்குள் நிற்க இடமில்லை. ஒரு தடியன் என் சீட்டில் கை வைத்து நிற்கிறான். அந்த அம்மாள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆளுண்டு" என்றாள், அவ்வளவுதான். எங்கே போனாள், எதற்குப் போனாள், வருவாளா என்றெல்லாம் அவனும் கேட்கவில்லை. கையை எடுத்துவிட்டான்.

சீட்டில் உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு துண்டுக்கு அவ்வளவு மரியாதை.

உன் கேள்விக்குப் பதில்: கதைக்குள் எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரிய வேண்டாம். ஆள் உண்டு என்று தெரிந்தால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன் ரிப்பேரில் இல்லை. குழந்தைகளுக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்பதைப் பற்றி அதில் தேடித் தேடிப் படித்துக்கொண்டே இருந்தேன். படிப்பேன், எழுந்து போய் அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன், மறுபடி படிப்பேன். அத்தான் என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டரம்மாதான் கொஞ்ச நாளைக்கு அதை வாங்கி வைக்கச் சொன்னார். இப்போது என்னிடம் இருப்பது பட்டன் போன். பேசலாம், அவ்வளவுதான். அம்மாவிடம் சொல்லாதே.

லிபி

---

கல்லாறு
செப்டம்பர் 22

அன்பான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். உடம்பு எப்படி இருக்கிறது? அம்மாவின் முட்டுவலி எப்படி? உன் போனை வைத்திருக்கிற மெக்கானிக் அத்தான்தான் என்று எனக்கு மே மாதமே தெரியும், அவரே சொன்னார். அதை விடு.

அக்கா, கிடைத்துவிட்டது! அம்மா சொன்னதுதான் சரி. நான் கண்டக்டர்தான். விளையாட்டே ஒரு பஸ். கல்லாற்றிலிருந்து பொன்முடி ஏறும் கடைசி பஸ், விளையாடுகிறவர்கள் பயணிகள், கதை நடத்துகிறவர் நடத்துநர். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவும் ஒரு சின்னக் காட்சி. ஒரு காட்சி முடிய ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். முக்கியமான விதி இது:

'எழுந்து போகிறவர் தன் நாற்காலியில் துண்டு போட வேண்டும். அவருடைய ஆளைக் கதை தேடினால், மற்றவர்கள் "ஆளுண்டு" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு அந்த ஆளை யாரும் தொடக்கூடாது, நடத்துநர்கூட. திரும்பி வந்ததும், இதுவரை தன் ஆள் எங்கே இருந்தார், என்ன கொண்டுவந்தார் என்று அவரே சொல்வார். அவர் சொன்னதே நடந்தது.'

ராஜையண்ணனிடம் போட்டுப் பார்த்தேன். பஸ் வந்தது, துண்டைப் போட்டுவிட்டுப் போனார். எல்லாருக்கும் டீ கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். "கேட்டியாடே, நான் எறங்குனது சும்மா இல்ல. பின் டயர்ல ஒரு ஆணி கெடந்து. எடுத்து மடியில வச்சிருக்கேன். அத வச்சவன் இந்த வண்டிக்குள்ளதான் இருக்கான்." அகில் வாயைப் பிளந்துவிட்டார். அக்கா, அடுத்த பஸ் எப்போது வரும், அண்ணன் எப்போது எழுந்து போவார் என்று நாங்கள் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இதுவரை எழுந்து போகிறவரால் விளையாட்டு கெட்டது. இப்போது அதிகம் எழுந்து போகிறவரிடம்தான் கதையே இருக்கிறது.

பகடை கிடையாது. சந்தேகம் வந்தால் பழைய பஸ் டிக்கெட்டுகளைக் கலைத்து ஒன்றை எடுக்க வேண்டும், நம்பரின் கடைசி இலக்கம்தான் பதில். ஜெம்மி வாயில் போட எதுவும் இல்லை. விதி மொத்தம் ஒன்பது பக்கம், இத்துடன் வைத்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் வண்டியில் ஏற்கெனவே இருக்கும் பயணிகளைப் பார்.

சுபின்

---

கழக்கூட்டம்
அக்டோபர் 30

அன்புள்ள சுபினுக்கு,

நீ சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். இங்கே எல்லாருக்கும் சளிக்காய்ச்சல் வந்து போனது. ஜெம்மி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள்.

ஒன்பது பக்கத்தையும் ஒரே மூச்சில் படித்துவிட்டேன், அதாவது இரண்டு நாளில். டிக்கெட் நம்பர் சரியாக வருகிறது, சோதித்துவிட்டேன். சோதிக்கும்போது ஜெம்மி ஒரு டிக்கெட்டைத் தின்றுவிட்டாள். பதறவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

கடைசிப் பக்கமும் படித்தேன். 'பின் சீட்டில் ஒரு பெண். சேலை நனைந்திருக்கிறது. பெயர் செம்பி. எங்கே போயிருந்தாள் என்று அவள்தான் சொல்ல வேண்டும்.'

படித்தேன்.

டிசம்பர் பதினாலாம் தேதிக்கு வேறு யாரையாவது போடு சுபின். அத்தானுக்கு அன்றைக்கு டியூட்டி வரலாம். அம்மாவால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படி ஏறி இறங்க முடியாது. காய்ச்சல் காலம் வேறே. இது எல்லாமே உண்மைதான், ஆனால் காரணம் இது இல்லை என்று உனக்குத் தெரியும். போன வாரம் அம்மா, "பிள்ளைய இங்க தந்துட்டு நீ கொஞ்சம் காத்தாட நடந்துட்டு வா" என்றாள். கொடுத்தேன். வாசல் கதவு வரை போனேன். செருப்பைப் போட்டேன், கழற்றினேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நீயும் சுபினும் நான் வளத்த பிள்ளியதானே? என்ன, கொறஞ்சா போனிய?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம்.

நான் கையை எடுத்தால் எல்லாம் கவிழ்ந்துவிடும் என்று இருக்கிறது. அப்படி இல்லை என்று தெரிகிறது. தெரிவதால் ஒன்றும் ஆகவில்லை.

மகேஷ் நன்றாக நடத்துவான். அவனைக் கேள்.

லிபி

---

கல்லாறு
நவம்பர் 5

அக்கா,

சுகம். சரி.

மகேஷைக் கேட்டேன். அவன் பயணியாக வருவானாம், கண்டக்டர் வேலை முடியாதாம். ஸ்மிதாவும் அப்படியே சொல்கிறாள். யாரும் இல்லாவிட்டால் நான் நடத்துகிறேன், அது பிரச்சினை இல்லை. நடத்துநர் நாற்காலியில் துண்டு கிடக்கும். யார் கேட்டாலும் என்ன சொல்ல வேண்டுமென்று எங்களுக்குத் தெரியும். நீ வந்தாலும் வராவிட்டாலும் அப்படித்தான். ஜெம்மியின் அந்த மஞ்சள் துண்டு பழசாகியிருந்தால் அனுப்பு.

விதியில் ஒரு ஓட்டை இருக்கிறது. பயணி எழுந்து போனால் விதி உண்டு. நடத்துநர் எழுந்து போனால்? கதையே அவர் கையில்தானே இருக்கிறது. நான் இருபது விதமாக எழுதிப் பார்த்தேன், எதுவும் நிற்கவில்லை. எழுந்து போக வேண்டியிருக்கிற ஒருத்தரால்தான் இதை எழுத முடியும்.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு.

சுபின்

---

கழக்கூட்டம்
நவம்பர் 26

அன்புள்ள சுபினுக்கு,

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. எல்லாரும் சுகம். துண்டு இதில் இருக்கிறது. இரண்டு தரம் துவைத்தேன், பால் வாசம் போகவில்லை.

உன் ஓட்டையை அடைத்துவிட்டேன். அடைத்தது என் மூளை இல்லை, என் கால்.

அன்றைக்கு உப்பு தீர்ந்துவிட்டது. கடை கீழேதான், தெரியுமே, படி இறங்கித் தெருவைத் தாண்டினால் போதும். ஜெம்மி கட்டிலில் அம்மாவுடன் உட்கார்ந்திருந்தாள். நான் என்ன நினைத்தேனோ, என் நீல ஷாலை எடுத்து நான் படுக்கிற இடத்தில் விரித்துப் போட்டேன். "அம்மா, அது எனக்க சீட்டு. ஆளுண்டு, கேட்டியா?" என்றேன். "ஒனக்கும் அவனுக்கும் ஒரே கிறுக்கு" என்றாள் அம்மா.

இறங்கினேன். இரண்டாவது மாடியில் கால் நின்றது. அப்போது தம்பானூரில் வண்டியிலிருந்து கண்டக்டர் இறங்கி ஆபீஸுக்குப் போவது ஞாபகம் வந்தது. அவர் இறங்கிப் போனால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. வண்டி நிற்கும். உள்ளே இருக்கிறவர்கள் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கொண்டிருப்பார்கள். யாராவது ஆரஞ்சு உரித்துப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுப்பார்கள். அவர் திரும்பி வந்து இரட்டை மணி அடித்த பிறகுதான் சக்கரம் நகரும். உப்பு வாங்கிக்கொண்டு மேலே வந்தேன்.

விதியை எழுதிக்கொள்: 'நடத்துநர் இறங்கினால் வண்டி கவிழாது, நிற்கும். அவர் வரும்வரை பயணிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம். கெட்டது எதுவும் நடக்காது. மணி அடித்த பிறகே கதை நகரும்.'

திரும்பி வந்ததும் உன் விதிப்படி ஜெம்மியிடம் கணக்குச் சொன்னேன். "அம்மா கீழே போனேன். ஒரு பூனை இருந்தது. உப்பு கொண்டுவந்தேன்." மிகக் கவனமாகக் கேட்டாள். பாக்கெட்டைக் காட்டினேன், தட்டிப் பார்த்தாள்.

மறுநாள் தெருமுனை வரை போனேன். நேற்று நூலகம் வரைக்கும். வருவேன் என்று சொல்லவில்லை. என் பெயரை அடிக்காதே என்று மட்டும் சொல்கிறேன்.

லிபி

---

கழக்கூட்டம்
டிசம்பர் 16

அன்புள்ள சுபினுக்கு,

ஆண்டவருக்கு நன்றி, எல்லாரும் சுகம். மலையில் குளிர் கூடியிருக்கும், மப்ளர் இல்லாமல் வெளியே போகாதே. முந்தாநாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு எதற்குக் கடிதம் என்பாய். நீ பார்க்காத இரண்டைச் சொல்ல வேண்டும்.

நான் வந்தது நீ நினைப்பதற்கு முன்னாலேயே. லாட்ஜ் மாடி ஹால் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றேன். நீ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நாற்காலி இருக்கும்போதே நின்றபடி நடத்திக்கொண்டிருந்தாய். துண்டு மஞ்சளாகக் கிடந்தது. திரும்பிப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். அப்போது பக்கத்து மேசைப் பையன் ஒருவன் வந்து அந்த நாற்காலியை இழுத்தான். நீயோ ஸ்மிதாவோ மகேஷோ சொல்லியிருந்தால்கூட நான் போயிருப்பேன். சொன்னது நான் முன்னே பின்னே பார்த்திராத ஒரு பெண், கண்ணாடி போட்டவள், டிக்கெட்டைக் கலைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல்: "ஆளுண்டு." அவளுக்கு நான் யாரென்றே தெரியாது. அதனால்தான் உள்ளே வந்தேன்.

நான் நடுவில் எழுந்து வீட்டுக்குப் போன் பண்ணப் போனேனே, அந்த நேரம் வண்டி நின்றுகொண்டிருக்க, பயணிகள் பேசியதுதான் அன்றைக்கு நல்ல காட்சி என்று மகேஷ் சொன்னான். என்ன பேசினீர்கள் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். நான் இல்லாதபோது நல்லதும் நடக்கும் என்று தெரிந்தால் போதும்.

கடைசி வளைவில் நீ எல்லார் முன்னாலும் கேட்டாய், "பின் சீட்டுப் பொம்பள, செம்பி, பாலம் ஒடஞ்சப்போ எங்க போயிருந்தா?" நான் சொன்ன பதிலை எல்லாரும் கேட்டார்கள். இங்கே ஒரு தரம் எழுதி வைக்கிறேன், எனக்காக. பாலம் உடைந்தபோது செம்பி பாலத்தில் இல்லவே இல்லை. கரையில் ஒரு பிள்ளை அழுதது, அங்கே போயிருந்தாள். சேலை நனைந்தது ஆற்றுத் தண்ணீரில் இல்லை. எல்லாரும் சிரித்தார்கள். நீ கைக்குட்டையைத் தேடினாய், அதையும் பார்த்தேன்.

நீ பார்க்காத இன்னொன்று வீட்டில் நடந்தது. நான் திரும்பியபோது ஜெம்மி கட்டிலில் உட்கார்ந்து ஷாலின் ஓரத்தைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். அத்தான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நாற்காலியில். அழுதாளா என்று கேட்டேன். அம்மா சொன்னாள்: "கொஞ்சம் அழுதா. பின்ன சரியாயிட்டு. ஒனக்க மாப்பிள வந்து அந்த ஷால் மேல உக்காந்தான், பிள்ள விட்டாளா? தள்ளித் தள்ளி எழுப்பிட்டாளே! ஆளுண்டுன்னு அதுக்கும் தெரியும் போல." சொல்லிவிட்டு, தான் சொன்ன வார்த்தைக்குத் தானே சிரித்துக்கொண்டாள். பிறகு காப்பி போடப் போனாள்.

சபையில் நடந்த ஜெபத்தைத் திருத்த வேண்டாம் என்கிறாள் அம்மா. கண்டக்டர் வேலைதானே என்கிறாள். ஒரு பிள்ளைக்கு என்று ஜெபித்தது இரண்டு பிள்ளைகளுக்குமாகிவிட்டதாம்.

முழித்துவிட்டாள். போய், முந்தாநாள் நான் எங்கே போயிருந்தேன், என்ன கொண்டுவந்தேன் என்று மறுபடி சொல்ல வேண்டும். ஒரு தரம் சொன்னால் போதவில்லை அவளுக்கு.

அக்கா
லிபி